குழந்தைகளும் பல் வைத்தியரும்

திருமலைக் கல்யாணக்கட்டாவில் முதன்முறையாக முடியிறக்கப்படும் குழந்தைகளைக் கவனித்தவர் ஓர் உண்மையை அறிவர். தந்தை முடியிறக்கிக் கொள்வதை முன்னரே கண்டு, பின்னர்த் தாயின் மடியில் அமரும் குழந்தை சிறிது சிணுங்கினாலும் அடங்கிவிடுகிறது. முன்னறிவிப்பின்றிப் பிடித்து அமர்த்தப்படும் குழந்தையோ வீறிட்டு அழுகிறது. கத்தி ஒன்றே, அணுகும் முறைதான் வேறு. பல் வைத்தியரிடம் செல்லும் குழந்தைக்கும் இது முற்றும் பொருந்தும்.

உலகில் 51.4 கோடிக் குழந்தைகளுக்குப் பாற்பற்களில் சொத்தை உள்ளதென உலக சுகாதார ஸ்தாபனம் 2022ஆம் ஆண்டின் அறிக்கையில் கூறியது. "விழப்போகும் பல்தானே" என்று பெற்றோர் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. முன்பற்கள் ஆறேழு வயதில் விழுவது உண்மை. ஆனால் பாற்கடைவாய்ப் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. அவை முன்னதாகவே போய்விட்டால், அடுத்துள்ள பற்கள் சாய்ந்து, நிலைப்பற்களுக்குரிய இடம் குறுகுகிறது.

கன்னம் வீங்கி, இரவெல்லாம் உறங்காத நிலையில் குழந்தையை முதன்முதலாக அழைத்துச் சென்றால், வேதனையும் வைத்தியரும் அதன் மனத்தில் ஒன்றாகப் பதிந்துவிடுகின்றன. அச்சத்தால் அடுத்த வருகை தாமதப்படுகிறது. தாமதத்தால் சொத்தை ஆழமாகிறது. ஆழமான சொத்தைக்குரிய சிகிச்சை அச்சத்தை மேலும் வளர்க்கிறது. இச்சுழலை அறுக்க ஒரே வழி, வலி தோன்றுமுன்பே முதல் வருகை நிகழ்வதாகும். முதற்பல் முளைத்த ஆறு மாதத்திற்குள், அதாவது ஏறத்தாழ ஒரு வயதிற்குள், பற்களைக் காட்டிவிடுவது நன்று.

மூன்று வயதிற்குட்பட்ட குழந்தையைத் தனியே நாற்காலியில் அமர்த்த வேண்டுவதில்லை. தாயும் வைத்தியரும் முழங்காலோடு முழங்கால் பொருந்த எதிரெதிரே அமர்வர். தாயை நோக்கி அமர்ந்த குழந்தையை மெல்லப் பின்புறம் சாய்த்து, தலையை வைத்தியரின் மடியில் வைப்பர். தாயின் முகம் குழந்தையின் பார்வையிலேயே இருக்கும். கைகளும் அவள் பிடியிலேயே இருக்கும்.

சற்று வளர்ந்த குழந்தைகளுக்கு ஆடல்ஸ்டன் என்பவர் 1959இல் விவரித்த "சொல், காட்டு, செய்" என்னும் முறை இன்றும் கையாளப்படுகிறது. செய்யப்போவதை எளிய சொற்களால் முதலில் கூறுதல். கருவியைக் குழந்தையின் விரல் நகத்தில் தொட்டுக் காட்டுதல். அதன் பின்னரே, கூறியதைக் கூறியவாறு செய்தல். மேலும், எல்லாச் சொத்தைக்கும் துளைக்கும் கருவி தேவையில்லை. சொத்தையை நிறுத்தும் வெள்ளி டைஅமைன் ஃப்ளோரைடு என்னும் திரவத்தை 2021இல் உலக சுகாதார ஸ்தாபனம் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இது பூசிய சொத்தை கறுத்துவிடும்; அதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவித்தல் அவசியம். ஆனால் தொடக்கத்திலேயே வருபவருக்குத்தான் இத்தகைய எளிய வழிகள் பயன்படும்.

இதில் ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் பெரும்பங்கு உண்டு. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வந்து சோதிக்க வேண்டும். பல் நோய்களும் அச்சோதனையில் அடங்கும். அவர்கள் வருவதற்கு முன்தினம் வகுப்பில் வைத்தியர் விளையாட்டு ஒன்றை நடத்தலாம். ஒரு குழந்தை வாயைத் திறக்க, மற்றொன்று பற்களை எண்ணட்டும். பாற்பற்கள் மொத்தம் இருபது. சித்தூர் எல்லைப்புறத்தில் வீட்டில் தமிழ் பேசும் குழந்தைக்கு, "நோரு தெருவு" என்று தெலுங்கில் வைத்தியர் கூறினால், வாயைத் திறக்கச் சொல்கிறார் என்பதை முன்பே கற்பித்திருத்தல் நலம். புரியாத சொல்லும் அச்சத்திற்குக் காரணமாகும்.

விலக்க வேண்டியவையும் உண்டு. "சேட்டை செய்தால் பல்லைப் பிடுங்கச் சொல்வேன்" என்று மிரட்டுதல் கூடாது. "கொஞ்சமும் வலிக்காது" என்ற பொய் வாக்கும் கூடாது. ஒருமுறை ஏமாந்த குழந்தை மறுமுறை நம்புவதில்லை. அழாமலிருந்ததற்கு மிட்டாய் கொடுப்பதோ நோயையே பரிசளிப்பதாகும்.

பரிசோதனையில் சொத்தை கண்டறியப்பட்ட குழந்தையின் பெயரைக் குறித்துக்கொண்டு, அதன் பெற்றோரை அந்த வாரமே சந்தியுங்கள். வலிக்காத பல்லுக்காகச் செல்லும் அந்த ஒரு பயணமே, பின்னாளில் வலியோடு செல்லும் பல பயணங்களைத் தவிர்க்கும்.