அம்மா முகம் ஏன் மங்கியது?

செல்போன் படத்துக்குள் இருக்கும் கணக்கு

காலை நேரம். போட்டோக் கடையில் கூட்டம் இல்லை.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உள்ளே வந்தார். சவரம் செய்யாத முகம். கையில் செல்போன்.

"தம்பி, இந்தப் படத்தைப் பெரிசாப் போட்டு, பிரேம் பண்ணித் தரணும். நாளைக்குப் பதினாறாம் நாள் காரியம்" என்றார்.

படத்தில் இருந்தவர் அவருடைய தாயார். ஏதோ ஒரு கல்யாண வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். செல்போனில் பார்த்தால் படம் பளிச்சென்று இருக்கிறது.

கடைப் பையன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். முகத்தை மட்டும் வெட்டி எடுத்தான். 12 அங்குல அகலம், 18 அங்குல உயரம் என்று பெரிதாக்கினான்.

முகம் காணாமல் போயிற்று!

கண் இருந்த இடத்தில் நாலைந்து கறுப்புக் கட்டங்கள். மூக்குத்தி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம். சிரிப்பு இருந்த இடத்தில் ஒரு தீற்றல்.

"என்ன தம்பி இது? போனில் நல்லாத்தானே இருந்துச்சு?"

"இது யாராவது அனுப்பின படமா, அண்ணே?"

"ஆமாம். சொந்தக்காரங்க குரூப்பில் வந்தது."

பையன் உதட்டைப் பிதுக்கினான்.

போட்டோக் கடை, பிளெக்ஸ் கடை, கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை, எங்கே போய் நின்றாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். படத்தைக் கெடுத்துவிட்டதாகக் கடைக்காரருக்குத் திட்டு விழும். ஆனால் படம் கடைக்கு வருவதற்கு முன்பே கெட்டுப் போயிருக்கும்.

எப்படிக் கெட்டது?

புள்ளிக் கோலம்

வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 15 புள்ளி, 15 வரிசை என்று வைப்பார்கள். புள்ளிகளைச் சுற்றிக் கோடு இழுப்பார்கள்.

செல்போன் படமும் புள்ளிகளால் ஆனதுதான். ஆனால் அதில் கோடு கிடையாது. வெறும் புள்ளிகள் மட்டுமே. ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டிச் சதுரக் கட்டம். ஒரு கட்டத்துக்கு ஒரே ஒரு நிறம். அந்தக் கட்டத்துக்குப் பெயர் பிக்சல்.

கட்டங்கள் மிகச் சிறியவையாக இருப்பதால் நம் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிவதில்லை. சேர்ந்து ஒரு முகமாகத் தெரிகின்றன.

இந்த வித்தையை முதலில் செய்து காட்டியவர் ஓர் அமெரிக்கர். அவர் பெயர் ரஸ்ஸல் கிர்ஷ். அமெரிக்க அரசாங்கத்தின் அளவை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். அங்கே 'சீக்' என்று ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கணக்குப் போடத்தான் அதைக் கட்டியிருந்தார்கள். "கணக்குப் போடுகிற எந்திரத்துக்குப் பார்க்கவும் தெரிந்தால் எப்படி இருக்கும்?" என்று கிர்ஷ் யோசித்தார்.

1957-ம் ஆண்டு. கிர்ஷுக்கு அப்போது ஓர் ஆண் குழந்தை இருந்தது. பெயர் வால்டன். வயது மூன்று மாதம். குழந்தையின் போட்டோ ஒன்றை அவர் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோனார். எந்தத் தகப்பனும் செய்கிற காரியம்தானே!

போட்டோவை ஓர் உருளையில் சுற்றினார்கள். உருளை சுழன்றது. அதன்மேல் வெளிச்சம் விழுந்தது. வெளிச்சத்தை உணரும் குழாய் ஒன்று படத்தைக் கட்டம் கட்டமாகப் பார்த்தது. வெளுப்பான இடமா, கறுப்பான இடமா என்பதை மட்டும் சொன்னது. ஒன்று, அல்லது சைபர். அவ்வளவுதான்!

இப்படி வெளுப்பு, கறுப்பு மட்டும் வந்தால் முகத்தில் நிழல் வராது. அதற்காக, எது வெளுப்பு எது கறுப்பு என்கிற எல்லையை மாற்றி மாற்றி வைத்து, ஒரே படத்தைப் பல முறை ஓட்டினார்கள். எல்லாவற்றையும் ஒன்று சேர்த்தார்கள். சாம்பல் நிறம் கிடைத்தது. குழந்தையின் முகம் வந்துவிட்டது.

அந்தப் படத்தின் அளவு என்ன தெரியுமா? பக்கத்துக்கு 5 சென்டிமீட்டர். 176 புள்ளி, 176 வரிசை. பெருக்கிப் பாருங்கள்: 30,976 கட்டங்கள்.

செல்போனில் இன்று எடுக்கும் ஒவ்வொரு படமும் அந்த மூன்று மாதக் குழந்தையின் வழியில் வந்ததுதான்.

கட்டங்களைச் சதுரமாக வைத்தவரும் கிர்ஷ்தான். பிற்காலத்தில் அவருக்கே அது பிடிக்கவில்லை. பெரிதாக்கினால் படம் படிக்கட்டு மாதிரி தெரிகிறதே என்று வருந்தினார். எண்பது வயதுக்குப் பிறகும், சதுரத்துக்குப் பதிலாக வேறு வடிவங்களை வைத்துப் பார்த்தார். 2020-ல், 91-வது வயதில் காலமானார். உலகம் இன்னும் சதுரத்தைத்தான் வைத்திருக்கிறது.

ஒரு கட்டத்துக்கு மூன்று எண்

கம்ப்யூட்டருக்கு நிறம் தெரியாது. எண்தான் தெரியும்.

அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று எண்களை எழுதி வைக்கிறது. சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று மூன்று. ஒவ்வொன்றும் சைபர் முதல் 255 வரை இருக்கும். மூன்றும் சைபராக இருந்தால் கறுப்பு. மூன்றும் 255 ஆக இருந்தால் வெள்ளை. இந்த மூன்று எண்களை மாற்றி மாற்றிப் போட்டால் 1,67,77,216 நிறங்கள் கிடைக்கும். எந்த ஜவுளிக் கடையிலும் இத்தனை நிறம் பார்க்க முடியாது!

சரி, கணக்கைக் கொஞ்சம் நீட்டுவோம். செல்போனில் 12 மெகாபிக்சல் காமிரா என்றால், ஒரு படத்தில் 4,000 புள்ளி, 3,000 வரிசை. மொத்தம் 1 கோடியே 20 லட்சம் கட்டங்கள். கட்டத்துக்கு மூன்று எண் என்றால் 3 கோடியே 60 லட்சம் எண்கள். அப்படியே எழுதி வைத்தால் ஒரே படம் 36 எம்.பி. இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நாலு கல்யாணத்துக்குப் போய் வந்தால் செல்போன் நிறைந்துவிடும்.

ஆனால் நம் செல்போனில் ஒரு படம் பெரும்பாலும் மூன்று, நாலு எம்.பி.தான் இருக்கிறது. மீதி எங்கே போயிற்று?

இங்கேதான் பெங்களூர்க்காரர் ஒருவர் வருகிறார்.

சம்பளம் இல்லாத கோடைக்காலம்

நசீர் அகமது, 1940-ல் பெங்களூரில் பிறந்தவர். அங்கேயே என்ஜினீயரிங் படித்தார். மேல்படிப்புக்கு அமெரிக்கா போனார். பிறகு அங்கே கன்சாஸ் மாகாணப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் ஆனார்.

படத்தைச் சுருக்க ஒரு கணக்கு வழி இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. அதை ஆராயப் பண உதவி வேண்டும் என்று 1972-ல் அமெரிக்க தேசிய விஞ்ஞான நிறுவனத்துக்கு மனுப் போட்டார்.

மனு தள்ளுபடி ஆயிற்று! யோசனை ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது என்பது, மனுவைப் பார்த்தவர்களில் ஒருவருடைய அபிப்பிராயம்.

அகமது விடவில்லை. 1973-ம் ஆண்டு கோடை விடுமுறை வந்தது. அந்த மூன்று மாதமும் சம்பளம் இல்லாமல் இந்த வேலையைப் பார்ப்பது என்று முடிவு செய்தார். குடும்பச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று அவருக்கும் தெரியாது, மனைவிக்கும் தெரியாது. மனைவி தடுக்கவில்லை.

அவருடைய மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் இருவரும் கூடச் சேர்ந்தார்கள். 1974 ஜனவரியில் மூவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. சில பக்கங்கள்தான்.

அந்த வழி என்ன?

முறத்தில் அரிசி புடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கனமானது ஒரு பக்கம் ஒதுங்கும். தவிடும் உமியும் இன்னொரு பக்கம் ஒதுங்கும். அகமதுவின் கணக்கு அந்த முறத்தைப் போன்றது. படத்தை 8-க்கு 8 என்று சின்னச் சின்னப் பாத்திகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பாத்தியிலும் 64 கட்டங்கள். கண்ணுக்கு முக்கியமான பெரிய மாற்றங்களை இந்தக் கணக்கு ஒரு பக்கம் ஒதுக்கும். கண் கவனிக்காத பொடி விவரங்களை இன்னொரு பக்கம் ஒதுக்கும். பொடியை ஊதித் தள்ளிவிட்டால் படம் சிறிதாகிவிடும். பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது.

இந்த முறத்தை வைத்துத்தான் 1992-ல் 'ஜேபெக்' என்ற பட முறை வந்தது. படத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து மூன்று எழுத்து இருக்குமே, அது இதுதான். வீடியோவைச் சுருக்குவதற்கும் இதே கணக்கு உதவுகிறது. வெளிநாட்டில் இருக்கும் பேரனைத் தாத்தா செல்போனில் பார்த்துப் பேச முடிகிறதே, அதிலும் அந்தச் சம்பளம் இல்லாத கோடைக்காலத்துக்குப் பங்கு உண்டு. 2021-ல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் அகமது தம்பதியின் கதையைக் காட்டினார்கள்.

ஊதித் தள்ளியது திரும்பாது

ஆனால் ஒரு விஷயம். ஊதித் தள்ளிய தவிடு மறுபடி முறத்துக்கு வராது.

படத்தை ஒருமுறை சுருக்கினால் கண்ணுக்குத் தெரியாது. அதைத் திருத்தி மறுபடி ஜேபெக்காகச் சேமித்தால் மறுபடி ஒரு புடைப்பு. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால், சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகக் கட்டங்களின் எண்ணிக்கையும் குறைகிறது. சும்மா திறந்து பார்ப்பதால் படம் தேயாது. சுருக்கிச் சேமிக்கும்போதும் அனுப்பும்போதும்தான் தேய்கிறது.

சேதாரம் இல்லாமல் சுருக்கும் முறைகளும் உண்டு. 1996-ல் வந்த 'பிஎன்ஜி' அப்படிப்பட்டது. போட்டோவை அதில் வைத்தால் இடம் அதிகம் பிடிக்கும். கடைச் சின்னம், எழுத்து இவற்றுக்குக் கட்டமே வேண்டாம். "இங்கிருந்து அங்கே வளைவாக ஒரு கோடு போடு" என்று கம்ப்யூட்டருக்குக் குறிப்பாகவே எழுதி வைக்கலாம். அதை விரல் அளவுக்கும் போடலாம், வீட்டுச் சுவர் அளவுக்கும் போடலாம். மங்காது. அம்மா முகத்தை அப்படிக் குறிப்பு எழுத முடியாதே!

அச்சுக்கு ஒரு கணக்கு உண்டு. கையில் பிடித்துப் பார்க்கும் படம் தெளிவாக இருக்க அங்குலத்துக்கு 300 கட்டங்கள் வேண்டும். 12-க்கு 18 அங்குலப் படம் என்றால் 3,600 புள்ளி, 5,400 வரிசை. ஏறக்குறைய 2 கோடி கட்டங்கள். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்ப்பது என்றால் இதில் பாதி அடர்த்தி போதும். தெருமுனை பிளெக்ஸுக்கு இன்னும் குறைவு போதும். ஆனால் நீளத்தில் 1,600, அகலத்தில் 1,200 கட்டங்கள் மட்டுமே உள்ள படத்திலிருந்து ஒரு முகத்தை வெட்டினால், இருநூறோ முந்நூறோ கட்டங்கள்தான் மிஞ்சும். அதை 12 அங்குலத்துக்கு இழுத்தால் என்ன ஆகும்? கடைக்கு வந்தவர் பார்த்ததுதான் ஆகும்.

நூறு கை வேலை

"நல்ல கம்ப்யூட்டராக இருந்தால் தெளிவாக வருமோ?" என்று அவர் கேட்டார். பலரும் கேட்கிற கேள்விதான்.

படம் காட்டுவதற்கென்றே கம்ப்யூட்டருக்குள் ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குக் கிராபிக்ஸ் கார்டு என்று பெயர். சாதாரணத் திரையில் 1,920 புள்ளி, 1,080 வரிசை. மொத்தம் 20,73,600 கட்டங்கள். திரை விநாடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது. அப்படியானால் ஒரு விநாடிக்குள் 12 கோடிக்கு மேற்பட்ட கட்டங்களுக்கு நிறம் சொல்லியாக வேண்டும்!

கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் கெட்டிக்கார சமையல்காரரைப் போன்றது. கஷ்டமான வேலை எதையும் செய்யும். ஆனால் அதற்குச் சில கைகள்தான். கிராபிக்ஸ் கார்டு அப்படி அல்ல. அது நடவு வயலில் வரிசையாக இறங்கும் பெண்களைப் போன்றது. ஆளுக்கு ஒரு பத்தி. எல்லோரும் ஒரே சமயத்தில் நடுகிறார்கள். வயல் பச்சையாகிவிடுகிறது. 1999-ல் என்விடியா கம்பெனி 'ஜீபோர்ஸ் 256' என்ற கார்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விளையாட்டுப் பிரியர்கள்தான் வாங்கினார்கள். பத்திரிகைப் பக்கம் வடிவமைப்பவர்கள், சினிமா வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் இன்று அது வேண்டியிருக்கிறது.

ஆனால் நாற்று இருந்தால்தானே நடவு? இல்லாத கட்டத்தை எந்தக் கார்டும் கொண்டுவராது.

கடைப் பையன் இன்னொரு வழியையும் காட்டினான். செயற்கை அறிவு மென்பொருள். மங்கிய முகத்தைக் கொடுத்தால், இல்லாத கட்டங்களை ஊகித்து நிரப்பும். ஒரு நிமிஷத்தில் படம் தெளிந்தது. தோல் வழவழப்பாக இருந்தது. பல் வரிசையாக இருந்தது.

வந்தவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது அம்மா இல்லையே தம்பி" என்றார்.

"முதலில் யார் போனில் எடுத்த படம் அண்ணே?"

"தங்கச்சி போனில்."

"அவங்களுக்குப் போன் போடுங்க. படமா அனுப்ப வேண்டாம், டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க. அப்போ சுருங்காம அப்படியே வரும்."

தங்கை வெளியூரில் இருந்தார். அந்தப் படம் அவர் போனில் இன்னும் அழியாமல் இருந்தது. பத்து நிமிஷத்தில் வந்து சேர்ந்தது. முன்பு வந்ததைவிடப் பத்து மடங்குக்கு மேல் பெரிய பைல்.

பையன் அதே முகத்தை வெட்டினான். கட்டங்கள் இந்தத் தடவையும் 18 அங்குலத்துக்கு முழுக்கப் போதவில்லை. 8-க்கு 12 என்று குறைத்தான். மூக்குத்தியில் ஒவ்வொரு கல்லும் தனியாகத் தெரிந்தது. இடது புருவத்துக்கு மேலே ஒரு சின்னத் தழும்பு தெரிந்தது.

"கிணத்தடியில் விழுந்தது. நான் சின்னப் பையனா இருக்கும்போது" என்றார் அவர்.

"தழும்பை எடுத்துடவா அண்ணே?"

"வேண்டாம், இருக்கட்டும்."

பையன் பிரேம் அட்டையை எடுத்து அவர் பக்கம் தள்ளினான்.