கண் எடுத்த பிறகும் கவனம் தேவை!



அடிபட்டோ, புண்ணாகியோ, புற்றுநோயாலோ ஒரு கண்ணை எடுத்துவிட்டவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். "அதான் ஆபரேஷன் முடிஞ்சாச்சே, இனிமே என்ன?" என்று பலர் வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரிப் பக்கமே போவதில்லை. பார்வை போனாலும் அந்த இடத்துக்குப் பராமரிப்பு வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது?

கண்ணை எடுத்ததும் குழி விழாமல் இருக்க, சுமார் 2 செ.மீ. அளவுள்ள உருண்டையை உள்ளே வைத்துத் தைத்து மூடுவார்கள். அது வெளியே தெரியாது. புண் ஆறிய பிறகு, அதன் மேல் சிப்பி போன்ற செயற்கைக் கண்ணைப் பொருத்துவார்கள். நாம் கழற்றி மாட்டுவது இந்தச் சிப்பியைத்தான்.

பிற்காலத்தில் என்ன வரலாம்?

1. மேல்சதை மெலிந்து உருண்டை வெளியே தெரியலாம். பல வருஷம் கழித்தும் இது வரும். வலி இல்லையே என்று விடக்கூடாது. கிருமி உள்ளே போய்விடும். சின்னதாக இருக்கும்போதே போனால் மூடித் தைத்துவிடலாம். சீழ் பிடித்தால் உருண்டையையே எடுக்க வேண்டிவரும்.

2. ஓயாமல் பூளை, நாற்றம், ரத்தக் கசிவு.

3. மேல் இமை குழி விழுவது, கீழ் இமை தொங்குவது.

4. சிப்பியைப் பல மாதம் மாட்டாமல் விட்டால் குழி சுருங்கி, மறுபடி மாட்ட முடியாமல் போகலாம்.

என்ன செய்யணும்?

* கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சிப்பியைத் தொடுங்கள். அடிக்கடி கழற்ற வேண்டாம்.
* ஸ்பிரிட், கொதிநீரில் கழுவக்கூடாது.
* வருஷம் ஒருமுறை டாக்டரிடம் காட்டி, சிப்பிக்குப் பாலிஷ் போடுங்கள். சுமார் 5 வருஷத்தில் மாற்ற வேண்டிவரும். வளரும் குழந்தைக்கு இன்னும் சீக்கிரமே அளவு மாறும்.
* புற்றுநோயால் கண் எடுத்த குழந்தைக்கு, மறு கண்ணையும் டாக்டர் சொன்ன தேதியில் தவறாமல் காட்டுங்கள்.
* நல்ல கண்ணுக்கு அடிபடாமல் கண்ணாடி போடுங்கள்.

எங்கே போவது?

திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டலாம். வேலூரில் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை, சென்னையில் 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை ஆகியவையும் உள்ளன. காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் இறங்கி வரவே பஸ் செலவு இருக்கிறது. அதற்காக ஒரு சகோதரி தள்ளிப்போட்டால், குழுவின் உள்கடனில் முதலிடம் கொடுப்போம். கல்யாணப் பேச்சு கெடும் என்று பெண்பிள்ளையின் கண் விஷயத்தை மறைப்பவர்களிடம் பக்குவமாகப் பேசுவோம். மறைத்தால் நோய்தான் வளரும்.

இந்த மாதக் கூட்டத்தில் இதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.