அடுப்படியில் ஒரு 'இளைய நிலா'!

1982-ல் வெளியான 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டைக் கேட்டு மயங்காதவர்கள் நம்மில் யார் இருக்கிறார்கள்? வைரமுத்து எழுதி, எஸ்.பி.பி. பாடியது. மறுவருடமே இந்தியில் 'கலாகார்' படத்துக்காக அதே மெட்டில் கிஷோர் குமார் பாடினார். பாட்டின் உயிரே கிடார்தான். வாசித்தவர் சந்திரசேகர். இசையமைத்த இளையராஜா நம்ம பக்கத்துக்காரர். அவர் பிறந்த பண்ணைப்புரம், 1996-ல் தேனி மாவட்டம் பிரியும்வரை மதுரை மாவட்டத்தில்தானே இருந்தது!

இந்தப் பாட்டை நானே வாசிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பத்தாவது முடித்து, பத்தொன்பது வயதில் கல்யாணம். பிறகு ஆசைக்கு ஏது நேரம்? என் மகன் பள்ளியில் படித்தபோது வாங்கிய கிடார், அவன் கோவைக் கல்லூரி விடுதிக்குப் போனதும் பரண் ஏறியது. "வித்துடலாமா?" என்றார் கணவர். "வேண்டாங்க, நான் கத்துக்கிறேன்" என்றேன்.

"முப்பத்தெட்டு வயசுலயா? நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிச்சா சிரிக்கட்டும். படிக்கிற வயசுல கல்யாணம் ஆயிடுச்சு. இப்பத்தான் எனக்குன்னு அரை மணி நேரம் கிடைச்சிருக்கு. ஃபீஸ் நான் பாத்துக்கிறேன்" என்றேன். ஜாக்கெட் தைத்துச் சேர்த்த காசு இருந்தது. சர்ச்சில் கிடார் வாசிக்கும் பக்கத்துத் தெருக் கல்லூரி மாணவி, வாரம் இரண்டு நாள் வந்து சொல்லிக் கொடுத்தாள்.

மொத்தம் ஆறு கம்பிகள். இடது கை அழுத்த, வலது கை மீட்ட வேண்டும். முதல் பாடம் 'ஈ மைனர்'. மேலிருந்து இரண்டாவது, மூன்றாவது கம்பிகளை இரண்டாவது கட்டத்தில் அழுத்தினால் போதும். கேட்க சுலபம்தான். ஆனால், விரல் நுனி கன்றிப்போய், மிளகாய் கிள்ளினால் உயிர் போகும்! ஒரு மாதத்தில் நுனித்தோல் காய்த்து வலி நின்றது. அடுத்த சோதனை, ஒரு பிடியிலிருந்து இன்னொரு பிடிக்குத் தாளம் தப்பாமல் விரல் மாற்றுவது. அதற்கு மூன்று மாதம் பிடித்தது.

மதியம் மூன்று மணிக்குச் சமையற்கட்டை ஒழித்துவிட்டு உட்காருவேன். "என்னம்மா, டொய்ங் டொய்ங்னு!" என்று அலுத்துக்கொண்ட மாமியார், இப்போது "இன்னைக்கு வாசிக்கலையா?" என்கிறார். கணவர் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால், போன மாதம் கம்பி அறுந்தபோது, கேட்காமலேயே புதுக் கம்பி வாங்கிவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

எட்டு மாதத்தில் பல்லவி வரை வந்துவிட்டேன். இடையில் வரும் வேகமான இடங்கள் இன்னும் கைக்கு வரவில்லை. வந்துவிடும் என்ற நம்பிக்கை இருக்கிறது.

கற்க நினைக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்: இடது கை நகத்தை ஒட்ட வெட்டுங்கள். பரணில் கிடந்த கிடார் என்றால், துருப்பிடித்த கம்பிகளை முதலில் மாற்றுங்கள். என்றைக்கோ ஒருநாள் மூன்று மணி நேரம் வாசிப்பதைவிட, தினமும் பதினைந்து நிமிடம் மேல்.

பிள்ளைகளுக்குப் பாட்டு, டான்ஸ் வகுப்பு என்று பார்த்துப் பார்த்துச் சேர்க்கிறோம். நமக்காகவும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் என்ன குறைந்துவிடப் போகிறது?

- ஒரு வாசகி, செல்லூர், மதுரை.