சாட்டிக் கடற்கரையும் மண்கும்பான் மணலும்

நெய்தல் என்ற மாத்திரத்தே நம் மனக்கண்முன் தோன்றுவன நீலக்கடலும் அலையும் தோணியுமே. ஆயின், நானிலங்களை வகுத்துரைத்த தொல்காப்பியர் இந்நிலத்தைச் சுட்ட வந்தவிடத்துக் கடலை முன்வைத்தாரல்லர். ‘பெருமணல்’ என்றே சுட்டினார். கடலுக்குரிய நிலத்தைக் கடலாற் கூறாது மணலாற் கூறியமை ஏன் என்னும் வினா வகுப்பறையில் எழுவதில்லை. செம்மண்ணிற் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு மணல் என்பது வீடு கட்டுதற்கு உழவு இயந்திரத்தில் வந்திறங்கும் ஒரு பண்டம், அவ்வளவே. அச்சொல்லின் பொருளைக் கண்ணாரக் காட்ட வல்ல இடமொன்று நமக்கு மிக அண்மையில் உண்டு. அதுவே மண்கும்பான்.

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே தீவகஞ் செல்வோர் மண்டைதீவுச் சந்தியையும் அல்லைப்பிட்டியையுங் கடந்து மண்கும்பானை அடைவர். நயினை நாகபூசணி அம்மையைத் தரிசிக்கக் குறிகட்டுவான் துறைக்குச் செல்லும் அடியார் கூட்டம் ஆண்டுதோறும் இவ்வூரைக் கடந்தே செல்கின்றது. 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், இத்தீவுக்கு லைடன் என்றும், காரைதீவுக்கு ஆம்ஸ்டர்டாம் என்றும், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்றும் தம் நாட்டுப் பெயர்களைச் சூட்டினர். அவை பழைய வரைபடங்களோடு ஒடுங்கின. ஊரவர் இட்ட பெயரோ நிலத்தைப் பார்த்து இட்ட பெயராதலின் நிலைத்தது. குவியலைக் கும்பி என்றும், கூட்டத்தைக் கும்பல் என்றும் வழங்குகின்றோம். மணல் கும்பியாகக் கிடந்த இடம் மண்கும்பான் ஆயிற்று எனக் கோடல் பொருந்தும். சங்கச் சான்றோர் ‘எக்கர்’ எனக் கூறிய இடுமணற் குன்றுகளே இவை.

பெருந்தெருவை விட்டுத் தெற்கே திரும்பினால் சாட்டிக் கடற்கரை. வெண்மணல் நெடுக விரிந்து கிடக்கும். ஆழங்குறைந்த கடலாதலின் நெடுந்தூரம் நடந்து சென்றாலும் நீர் இடைக்கு மேல் ஏறாது. வார இறுதியிலும் விடுமுறை நாள்களிலும் நகரத்துக் குடும்பங்கள் இங்கு வந்து நீராடுவர். ஏனைய நாள்களிற் காகமும் கடற்பறவையும் வலையுலர்த்தும் ஓரிருவருமே காணப்படுவர். அலை ஒதுக்கிய சாதாளை கரையெங்கும் கருநிறப் பாய் விரித்தாற்போற் கிடக்கும். மணலின்மேற் படர்ந்து ஊதாநிறப் பூப் பூத்துக் கிடப்பது அடும்பு. நம்மவர் அதனை அடம்பன் என்பர். ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்னும் பழமொழியை ஒற்றுமைக்கு மேற்கோளாக மேடைதோறும் கேட்கின்றோம். அக்கொடி திரண்டு செய்யும் தொழில் யாது என எண்ணிப் பார்ப்பார் சிலரே. கணுதோறும் வேர்விட்டுக் காற்றிற் பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்துவதே அதன் தொழில். இராவணன் மீசை என்னும் முட்புல்லும் அவ்வாறே.

இவ்வூர் மணல் எல்லாச் சமயத்தார்க்கும் இடங்கொடுத்த மணல். வெள்ளைப்புற்றடி வீரகத்தி விநாயகர் கோயில் ஒருபால், பள்ளிவாசல் ஒருபால், சாட்டியிற் சிந்தாத்திரை மாதா தேவாலயம் ஒருபால். சிந்து என்பது கடல். சிந்து யாத்திரை என்பதே சிந்தாத்திரை எனத் திரிந்தது என்பர். கடல்வழிச் செல்வோர்க்குக் காவலாய் நிற்குந் தாய் என்பது கருத்து. அத்தாயை நேர்ந்து கொள்ளும் அளவுக்கு இத்தீவகத்தார் திரைகடலோடியவர்; அவர்களுட் பெரும்பாலார் விரும்பி ஓடியவரல்லர். 1990 ஆகத்து மாதத்துப் போர் நடவடிக்கையின்போது தீவக மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். அதே ஆண்டு ஒற்றோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். போனவர் எல்லாரும் திரும்பினாரல்லர்.

அவ்வாறு போனவருள் ஒருவர் என்னிடங் கற்ற மாணவர். இப்போது தென்மார்க்கு (டென்மார்க்) நாட்டு ஆர்ஹூஸ் நகரில் வாழ்கின்றார். அண்மையில் விடுமுறைக்கு வந்தவர், தம் தந்தையார் வீட்டைத் திருத்திக் கட்டும் எண்ணத்தோடு ஊரில் நின்றார். சோளகம் சற்றே அடங்கிய ஒரு காலையில் இருவரும் சாட்டிக் கரையில் நடந்தோம். தம் வீட்டிலிருந்து நடந்து செல்லக்கூடிய தொலைவில் அங்கும் ஒரு சிறு கடற்கரை உண்டென்றும், கடையோ இரைச்சலோ இல்லையென்றும், நீராடுவார்க்காகக் கோடையில் மரப்பாலம் இட்டுக் குளிர்காலத்திற் கழற்றி வைப்பரென்றும் கூறினார். பின்பு சிறிது நின்று சொன்னார்:

“ஐயா, அங்கை கடற்கரையிலை ஒருத்தரும் இல்லையெண்டால் அது அமைதி. இஞ்சை ஒருத்தரும் இல்லையெண்டால், ஏன் இல்லையெண்டு மனம் கேக்குது.”

அவர் கூற்றுக்கு யான் விடை கூறவில்லை. ஆயினும், தென்மார்க்கின் கடற்கரைக்கு வாய்த்த அமைதி தானே வந்ததன்று என்பதை அவருக்கு எடுத்துக் காட்டினேன். மணலாற் பட்ட துன்பத்தின் பயனாக அந்நாட்டார் கற்றுக்கொண்ட பாடம் அது. வடமுனையிலுள்ள ஸ்காகன் என்னும் ஊரில் ஒரு பழைய தேவாலயம் பறந்து வந்த மணலிற் புதையுண்டது. வழிபட வருவோர் வாயில் மணலைத் தோண்டி அகற்றியே உட்புக வேண்டியிருந்தது. ஈற்றில் 1795இல் அக்கோயிலைக் கைவிட்டனர்; கோபுரம் மட்டும் இன்றும் மணலிடையே நிற்கின்றது. லேஸோ என்னுந் தீவினர் உப்புக் காய்ச்சும் உலைகளுக்காகக் காடுகளை வெட்டி வெட்டி மரமற்றோராயினர். மணல் கிளம்பி ஊர்களை மூடிற்று. கூரைக்கு வைக்கோலும் அரிதாகிய நிலையில், கரையொதுங்கிய கடற்புல்லையே அத்தீவுப் பெண்கள் முறுக்கிக் கூரை வேய்ந்தனர். நம் சாதாளையின் இனமே அது. 1792இல் மணற்பறப்பை அடக்கவென்றே அந்நாட்டரசு ஒரு சட்டம் இயற்றிற்று. புல் நட்டனர், மரம் நட்டனர். 1937இற் கடற்கரையிலிருந்து 100 மீற்றர் வரை கட்டடம் எழும்பாதவாறு தடுத்தனர். பிற்காலத்தில் அவ்வெல்லையைப் பெரும்பாலான இடங்களில் 300 மீற்றர் ஆக்கினர்.

இவ்வரலாறு நமக்குப் புறம்பானதன்று. வடமராட்சி கிழக்கிலே மணற்காட்டுக்குச் சென்றோர், மணற்குன்றுகளிடையே பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிசுவர்களைக் கண்டிருப்பர். அங்கு மணலைத் தடுக்கச் சவுக்கு மரங்கள் வளர்க்கப்பட்டன. ஸ்காகனும் மணற்காடும் ஒரே பாடத்தின் இரு படிகள். கட்டுண்ட மணல் காக்கும்; கட்டவிழ்ந்த மணல் மூடும்.

மண்கும்பானின் இடர் இதனினும் வேறானது. இங்கு மணல் பறந்து வந்து ஊரை மூடவில்லை. மணலே ஊரைவிட்டு ஏற்றிச் செல்லப்படுகின்றது. கட்டட வேலைக்காகத் தீவகத்து மணல் நெடுங்காலமாக அள்ளப்பட்டு வருகின்றது. குன்றாய் நின்ற இடங்கள் குழியாய்க் கிடப்பதை வழிச்செல்வோரும் காணலாம். இதனால் வரும் கேடு காட்சிக்கேடு மட்டுமன்று, குடிநீர்க்கேடு.

யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழையே நமக்கு ஆண்டு முழுதும் நீர். தீவிலோ நாற்புறமும் உப்பு. மணல் அம்மழையை ஓடவிடாது உடனே உறிஞ்சி உள்ளே வைக்கின்றது. நன்னீர் உவர்நீரினும் எடை குறைந்ததாதலின், நிலத்தடியில் அதன்மேல் மிதந்து நிற்கும். ஒல்லாந்தராகிய படோன் ஹைபனும் செருமானியராகிய ஹெர்ஸ்பேர்க்கும் கண்ட கணக்கின்படி, கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நிற்குமாயின், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு உவர்நீரைத் தள்ளி வைக்கும். மேலே ஓரடி இழந்தால் கீழே நாற்பதடி இழக்க நேரும். மணற்குன்று குடிநீர்க்குக் குடமும் மூடியுமாம். குடத்தை உடைத்து விற்றபின் நீரைத் தேடுதல் பேதைமை. சாட்டிப் பகுதிக் கிணற்று நீர் தீவகத்தின் பிறவூர்களுக்கும் சென்று தாகந்தீர்த்தது என்பதை நினைவிற் கொள்க. கல்வி ஊறுதற்கு உவமை தேடிய வள்ளுவர் மணற்கேணியைத் தேர்ந்தெடுத்தார். சுண்ணாம்புக் கல்லிற் கேணி தோண்டிக் கை சலித்த நம்மவர்க்கு அவ்வுவமையின் நயத்தைச் சாட்டியில் ஒருமுறை தோண்டிக் காட்டினாற் போதும், உரை வேண்டா.

மணல் வைத்துக்காக்கும் பொருள் நீர் மட்டுமன்று. அயலூராகிய அல்லைப்பிட்டியில் 1977ஆம் ஆண்டில் வெளிப்பட்ட சீன மட்பாண்டங்கள், சொங் அரசர் காலத்தன. ஏறத்தாழ 900 ஆண்டு மண்ணுக்குள் இருந்தவை. 2018இற் சீன ஆய்வாளர் மீண்டும் அங்கு வந்து அகழ்ந்தனர். அளவையின்றி அள்ளிச் செல்லப்படும் மணலோடு எத்தகைய சான்றுகள் போகின்றனவென்று யார் கூற வல்லார்?

சட்டம் இல்லை என்பதற்கில்லை. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டம், உயர்நீர் எல்லையிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரைக் கரையோர வலயம் என வகுத்துள்ளது. தென்மார்க்கிலும் 300, இலங்கையிலும் 300. மணல் அகழ்தற்கு உத்தரவு பெறல் வேண்டுமென 1992ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனியங்கள் சட்டம் விதிக்கின்றது. எண் ஒன்றாயிருந்தும் பயன் வேறாயிருப்பது, சட்டத்தின் பின்னால் ஊரவர் நிற்பதும் நில்லாமையுமாகிய வேற்றுமையாலாம்.

என் மாணவர் இவற்றைக் கேட்டபின் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “என்ரை வீட்டுக்குப் பறிக்கிற மணல் எங்கையிருந்து வருகுதெண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை, ஐயா” என்றார். அவரை நோதல் முறையன்று. எரிந்த வீட்டையும் இடிந்த வீட்டையும் மீளக் கட்டாமல் மக்கள் எங்ஙனம் திரும்புவர்? வீட்டுக்கு மணல் வேண்டும். கட்டிய வீட்டிற் குடியிருக்கக் கிணற்றில் நன்னீர் வேண்டும். அதற்கும் மணல் வேண்டும். இவ்விரு தேவைகளும் மோதுமிடத்தில் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி அவர் கேட்டதே: இம்மணல் எங்கிருந்து வருகின்றது? உத்தரவுச் சீட்டைக் காட்டச் சொல்லும் வீட்டுக்காரர் ஊருக்கு ஒருவர் தோன்றினாலும் அள்ளுவோர் கை தாழும். கல்லை அரைத்துப் பெறுந் தூளை இயன்றவிடத்து மணலுக்கு ஈடாக்குவதும் இக்காலத்து வழக்காகி வருகின்றது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நெய்தற்றிணை கற்பிக்கும் பருவத்தில் மாணவரை ஒருநாள் சாட்டிக்கு அழைத்துச் செல்க. அடும்பையும் தாழையையும் எக்கரையும் காட்டுக. அடம்பன் கொடியைப் பிடுங்காது, அதன் கணுக்களை எண்ணச் செய்க. மணலை ஒருமுழம் தோண்டி, ஊறும் நீரை நாவில் இட்டுப் பார்க்கச் செய்க. ஊர்ப்பெரியோரிடம் குன்றுகள் முன்பு எவ்வளவு உயர்ந்திருந்தன எனக் கேட்டு எழுதுவிக்க. அவ்வெழுத்துகள் நாளை அதிகாரிகள்முன் வைத்தற்குச் சான்றாகும். பெயர் மட்டும் மண்கும்பானாய் நின்று மண் போய்விடுமாயின், பெருமணல் என்னுஞ் சொல்லுக்கு நம் பிள்ளைகள் அகராதியையே நாட வேண்டிவரும். குடிநீருக்கோ அகராதியும் உதவாது.