பழைய கிற்றாரும் புதிய ஆசையும்

விற்றல், பணையம் வைத்தல், கொடுத்தல் என்னும் மூன்று சொற்களும் ஒரு பொருள் கையைவிட்டு நீங்குவதையே குறிப்பினும், அவற்றின் உள்ளே நிற்கும் மனநிலைகள் வெவ்வேறானவை. கொடுத்தவனுக்கு மகிழ்ச்சி உண்டு. விற்றவனுக்குக் காசு உண்டு. பணையம் வைத்தவனுக்கோ ஒருநாள் மீட்போம் என்னும் நம்பிக்கை உண்டு. புறநானூற்றின் 316ஆம் பாட்டிலே வறுமையுற்ற மறவன் ஒருவனின் வீடு காட்டப்படுகின்றது. முதல்நாள் வந்த விருந்தினர்க்காக அவனுடைய பழைய வாள் பணையமாகப் போயிற்று. அடுத்த நாள் அவ்வழியே போனது சீறியாழ். வாளும் யாழும் அங்கே ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்டன. இரண்டும் விற்கப்பட்டனவாகப் புலவர் பாடவில்லை என்பதும் கருதத்தக்கது.

அண்மையில் இப்பாட்டை எனக்கு நினைவூட்டியது யாழன்று, கிற்றார். என் தமக்கையின் மகன் பாடசாலை ஆசிரியன். மாணவரின் பாடற்குழுவுக்குப் பின்னணி வாசிப்பவன். அவனிடம் இருப்பது மின்னிணைப்புள்ள மரக்கிற்றார். மரக்கூட்டின் ஒலியோடு தனித்தும் வாசிக்கலாம், கம்பி தொடுத்து ஒலிபெருக்கியிலும் கேட்பிக்கலாம். கனடாவிலுள்ள அவனுடைய அக்கா முதன்முதல் அனுப்பிய பணத்தில் வாங்கியது அது. யாழைப்பற்றி ஓயாது பேசுகின்றவன் கிற்றாரைப்பற்றியும் ஏதேனும் சொல்வான் என்று எண்ணினான் போலும். “மாமா, இதை வித்துப்போட்டு நல்லதா வேற ஒண்டு வாங்குவமோ எண்டு யோசிக்கிறன். அக்கா என்ன நினைப்பாவோ தெரியேல்லை” என்றான்.

அவன் கேட்டது ஒரு கேள்வி. அதனுள் இருந்தவை இரண்டு. ஒன்று கருவியைப் பற்றியது. மற்றது நன்றியைப் பற்றியது. முன்னதைத் தெளிந்தாலன்றிப் பின்னதற்கு விடை காணவியலாது.

இக்கருவி தொழிற்படும் முறை அறியத்தக்கது. சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னேற்றம் தோன்றும் என்பதை 1880ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்துக் கியூரி சகோதரர் கண்டனர். இத்தகைய பொருளை, தந்திகளைத் தாங்கும் குதிரையிலே பொருத்திவிட்டால், தந்தியின் அதிர்வு மின்னலையாக மாறுகின்றது. மரக்கூட்டினுள் இருக்கும் சிறு பெருக்கி, பெரும்பாலும் 9 வோல்ற்று பற்றரி ஒன்றின் வலுவில், அதனை வலுப்படுத்தி வெளியே அனுப்புகின்றது. 1966இல் அமெரிக்காவிலே ‘ஒவேஷன்’ கிற்றார்களைச் செய்யத் தொடங்கிய சார்ள்ஸ் கமான் என்பவர் ஹெலிகொப்ரர் கட்டிய பொறியியலாளர். அதிர்வின் இயல்பை அறிந்த அத்தகையோர் கைப்பட்ட பின்னரே இம்முறை மேடைகளில் பரவிற்று.

ஆயினும் குதிரையடியில் எடுக்கப்படும் ஒலி, மரக்கூட்டின் முழு ஒலியன்று. அது சிலவேளை மெலிந்தும் கூர்மையாகவும் செவியை உறுத்தும். இனி, ஒலிபெருக்கியின் ஓசை திரும்பி வந்து கிற்றாரின் முகப்புப் பலகையை அதிரச் செய்யுமாயின், அவ்வதிர்வே மீண்டும் மின்னலையாகி, சபையோர் காதைப் பொத்தும்படி ஊளையிடும். மருமகனின் குறை இதுவே. திண்ணையிலிருந்து கம்பியின்றி வாசிக்கச் சொன்னேன். வாசித்தான். ஒலி இனிமையாகவும் நிறைவாகவும் இருந்தது. தண்டு வளையவில்லை, மெட்டுக்கள் தேயவில்லை, அவன் விரல்களும் அதற்குப் பழகியிருந்தன.

இவ்விடத்திலே அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் கதையைச் சொன்னேன். 1969இல் அவர் வாசித்த ‘போல்ட்வின்’ கிற்றார் குடிகாரன் ஒருவனின் காலடியில் நொறுங்கிற்று. நாஷ்வில் நகரத்திலே அதைப் பார்த்த ஷொட் ஜக்சன் என்னும் கைவினைஞர், மரக்கூடு இனிப் பயன்படாது என்று கண்டு, அதிலிருந்த ஒலிவாங்கியை மட்டும் கழற்றி ‘மார்ட்டின்’ கிற்றார் ஒன்றிலே பொருத்திக் கொடுத்தார். அதன் விலை 750 டொலர். நடிகர் றோய் றோஜர்சின் குதிரையின் பெயரால் ‘ட்ரிகர்’ என்று அதற்குப் பெயரிட்ட நெல்சன், முகப்புப் பலகை தேய்ந்து துளை விழுந்த பின்னரும் அதனைக் கைவிடாது அரைநூற்றாண்டுக்கு மேலாக வாசித்து வந்தார். அங்கே உடல் கெட்டது, மின்னுறுப்பு நிலைத்தது. இங்கே நிலைமை தலைகீழ். உடல் நன்று, மின்னுறுப்பே குறையுடைத்து.

பற்றையே அளவுகோலாகக் கொள்ளவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஜோன் லெனன் 1962இல் வாங்கிய ‘கிப்சன்’ மின்னிணைப்புக் கிற்றார் அடுத்த ஆண்டே தொலைந்துபோயிற்று. அதனால் அவர் பாட்டு நின்றுவிடவில்லை. வேறொன்றை வாங்கி வாசித்தார். கருவி போயினும் கலை எஞ்சும். ஆதலால் தண்டு கைக்குப் பொருந்தாவிடினும், பலகை பிளந்து ஒலி கெட்டாலும், விற்பதிலே பழியில்லை. யாருடைய பணத்தில் வாங்கினோம் என்பதற்காக ஒலியற்ற பெட்டியைச் சுவரிலே தொங்கவிடுவது நன்றியாகாது.

ஆனால் மாற்றத்தக்க ஓர் உறுப்பின் குறைக்காக முழுக்கருவியையும் விற்பது, செருப்பு கடிக்கின்றதென்று காலை வெட்டுவதற்கு ஒப்பாகும். மேலும், நம் நாட்டிலே விற்பது எளிது; திரும்ப வாங்குவது அரிது. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே, ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 350 ரூபாவைத் தாண்டியது. வெளிநாட்டுப் பண்டம் எதற்கும் அன்று ஏறிய விலையை நாம் அறிவோம். பழையதை விற்ற காசு புதியதன் பாதிக்கும் போதாது. மீதிக்கு அவன் மீண்டும் அக்காவிடமே கையேந்தவேண்டும். இதைக் கேட்டதும் அவன் தலை குனிந்தான்.

முடிவு அவனுடையது, வழி மட்டும் நான் சொன்னேன். முதலிலே தந்திகளையும் பற்றரியையும் மாற்றுக. அடுத்து, ஒலித்துளையை அடைக்கும் இறப்பர் மூடியை இட்டு ஊளை அடங்குகின்றதா என்று பார்க்க. அதுவும் போதாதாயின், மரத்தைத் துளையாமலே ஒலித்துளையில் பொருத்திக் கழற்றத்தக்க காந்த ஒலிவாங்கி ஒன்றை வாங்குக. புதுக்கிற்றாரின் விலையில் அது சிறு பங்கே. பாடற்குழுவின் மூன்று நிகழ்ச்சிகளில் சோதித்த பின்னரும் மனம் நிறையாவிடின், தயங்காது விற்க. தெருவிலே விலை கூறாமல், கற்க விரும்பும் மாணவன் ஒருவனுக்கே குறைந்த விலையில் கொடுக்க.

இரண்டாம் வழி வரையில் வந்திருக்கின்றான். ஊளை பெரிதும் அடங்கிவிட்டது. கூர்மை மட்டும் சிறிது உண்டு. இதற்கிடையில் அக்காவுக்கு அவனே தொலைபேசியில் விடயத்தைச் சொல்லியிருக்கின்றான். “நான் அனுப்பினது நீ வாசிக்கத்தானே, தம்பி, வைச்சுப் பூட்டவோ?” என்று அவள் கேட்டாளாம். எந்தப் பண்டிதனும் இதனிலும் தெளிவாக உரை எழுதிவிடமுடியாது.