விலை குறைவா, எடை குறைவா? மளிகைப் பொட்டலத்தின் 'அலகு விலை'யைப் படிப்பது எப்படி?

புதுதில்லி: கடையில் அருகருகே இருக்கும் இரு சமையல் எண்ணெய் பொட்டலங்களில் ஒன்றின் விலை ரூ.150, மற்றொன்றின் விலை ரூ.145 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதே மலிவானது என்று எண்ணத் தோன்றும். ஆனால் முதல் பொட்டலத்தில் இருப்பது 1 லிட்டர், அதாவது ஏறத்தாழ 910 கிராம் எண்ணெய். இரண்டாவதில் இருப்பது 850 கிராம். கிலோ கணக்கில் முதலாவதின் விலை சுமார் ரூ.165, இரண்டாவதின் விலை சுமார் ரூ.171. ரூ.5 மிச்சம் என்று நினைத்து வாங்குபவர், உண்மையில் கூடுதல் விலை கொடுக்கிறார்.

இந்தக் கணக்கு சிறியதல்ல. மத்திய அரசின் 2023-24 வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வின்படி, கிராமப்புறக் குடும்பங்களின் மாதச் செலவில் சுமார் 47 சதவீதமும், நகர்ப்புறங்களில் சுமார் 40 சதவீதமும் உணவுக்கே செல்கிறது.

பொட்டல அளவுகள் மாறியது ஏன்?

தேயிலை, பிஸ்கட், பருப்பு, சமையல் எண்ணெய் உள்ளிட்ட பல பொருட்களைக் குறிப்பிட்ட அளவுகளில் மட்டுமே பொட்டலமிட வேண்டும் என்று சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருட்கள் விதிகள், 2011-இல் ஓர் அட்டவணை இருந்தது. 2021-ஆம் ஆண்டு திருத்தத்தில் அந்த அட்டவணை நீக்கப்பட்டது. இதனால் நிறுவனங்கள் எந்த அளவிலும் பொட்டலமிடலாம். அதற்கு ஈடாக, நுகர்வோர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக 'அலகு விற்பனை விலை'யை அச்சிடுவது கட்டாயமாக்கப்பட்டது.

எண்ணெயில் மற்றொரு சிக்கலும் உண்டு. வெப்பநிலை உயர்ந்தால் எண்ணெய் விரிவடையும். 1 லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரி செல்சியஸில் சுமார் 919 கிராம் எடையும், 60 டிகிரியில் சுமார் 893 கிராம் எடையும் இருக்கும். எனவே, வெப்பநிலையைக் குறிப்பிடாமல், கொள்ளளவுடன் எடையையும் அச்சிடுமாறு மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் நிறுவனங்களை அறிவுறுத்தியது. எண்ணெய் வாங்கும்போது லிட்டரை விட கிராமைப் பார்ப்பதே பாதுகாப்பானது.

அலகு விலையில் கவனிக்க வேண்டியவை

1 கிலோவுக்குக் குறைவான பொட்டலத்தில் ஒரு கிராமின் விலையும், அதற்கு மேற்பட்டதில் ஒரு கிலோவின் விலையும் அச்சிடப்படும். லிட்டர், மில்லி லிட்டருக்கும் இதே முறைதான். சரியாக 1 கிலோ அல்லது 1 லிட்டர் பொட்டலத்தில் அதிகபட்ச சில்லறை விலையே அலகு விலை என்பதால், தனியாக அச்சிடத் தேவையில்லை. இரு வேறு அளவுகளை ஒப்பிட, கிராம் விலையை 1,000-ஆல் பெருக்க வேண்டும்.

எனினும், அலகு விலை இரண்டு தசம இலக்கங்களுக்கு முழுமையாக்கப்படுகிறது. உதாரணமாக, ரூ.28 விலையுள்ள 500 கிராம் கோதுமை மாவில் கிராமுக்கு ரூ.0.06 என்று இருக்கும். அதைப் பெருக்கினால் கிலோ ரூ.60 என வரும். உண்மையில் அது ரூ.56 மட்டுமே. 5 கிலோ பை கிலோவுக்கு ரூ.53 என்றால், மிச்சம் ரூ.7 அல்ல, ரூ.3 தான். அதற்காகப் பெரிய பையை வாங்கி, வண்டு பிடித்து வீணானால் நட்டமே மிஞ்சும். விலை குறைந்த பொருட்களுக்கு, மொத்த விலையை எடையால் வகுத்துப் பார்ப்பதே துல்லியமானது.

அச்சிடப்படும் அலகு விலை, அதிகபட்ச சில்லறை விலையை அடிப்படையாகக் கொண்டது. கடையில் தள்ளுபடி தரப்பட்டால் அந்த எண் பொருந்தாது. மேலும், 10 கிராம் அல்லது 10 மில்லி லிட்டர் வரையிலான சிறு பொட்டலங்களுக்கு இவ்விதிகளில் விலக்கு உண்டு. ஷாம்பு போன்றவற்றில் சில வேளைகளில் பெரிய பாட்டிலை விட சிறு பொட்டலமே மலிவாக இருக்கும். 'பெரியது எப்போதும் மலிவு' என்ற எண்ணம் எல்லா இடத்திலும் பொருந்தாது.

சில்லறையாக வாங்கினால்?

2022 ஜூலை 18-இல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, பொட்டலமிட்டு விவரச்சீட்டு ஒட்டி விற்கப்படும் அரிசி, பருப்பு, மாவு போன்றவற்றுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. மூட்டையிலிருந்து நிறுத்துக் கொடுக்கப்படுபவற்றுக்கு இந்த வரி இல்லை. தரமும் சுத்தமும் திருப்தியளித்தால், சில்லறையாக வாங்குவது செலவைக் குறைக்கும். ஆனால் அதில் தயாரிப்புத் தேதியோ, பயன்படுத்த உகந்த காலமோ தெரியாது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

அதிகபட்ச சில்லறை விலை என்பது உச்சவரம்பு மட்டுமே. வரிகள் அனைத்தும் அதில் அடக்கம். அதைவிடக் குறைவாக விற்கத் தடையில்லை; கூடுதலாக வசூலிப்பது விதிமீறல். கூடுதல் விலை, எடைக் குறைவு ஆகியவை குறித்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணில் புகார் அளிக்கலாம்; அதற்கு ரசீதைப் பாதுகாத்து வைப்பது அவசியம்.