இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் குடும்ப, சமூக நிகழ்ச்சிகள்

இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் குடும்ப, சமூக நிகழ்ச்சிகள் என்பவை, ஐக்கிய இராச்சியத்தின் தலைநகரான இலண்டனில் தெற்கு கென்சிங்டன் பகுதியில் அமைந்துள்ள இவ்வருங்காட்சியகம் சிறுவர்களுக்கும் பெற்றோருக்கும் பொதுமக்களுக்கும் நடத்திவரும் கல்விச் செயற்பாடுகள் ஆகும். விலங்குகள், தாவரங்கள், தொல்லுயிர் எச்சங்கள், கனிமங்கள், விண்கற்கள் என ஏறத்தாழ 8 கோடி மாதிரிகள் இங்கு பேணப்படுகின்றன. இவற்றுள் மிகச் சிறு பகுதியே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. எஞ்சியவை ஆய்வாளர்களின் பயன்பாட்டிற்கு உரியவை. ஆய்வுக்காகச் சேர்க்கப்பட்ட இத்தொகுப்பு பொதுமக்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, எவ்வாறு பயன்படலாம் என்ற கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் அளிக்கப்பட்ட விடைகளே இந்நிகழ்ச்சிகள். பார்த்தல், தொட்டறிதல், ஆய்வில் பங்கேற்றல் என மூன்று படிகளாக இவற்றின் வளர்ச்சியைப் பகுத்துக் காணலாம்.

பின்னணி

தொடக்கத்தில் இத்தொகுப்புகள் புளூம்ஸ்பரியில் உள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியாக இருந்தன. 1856 இல் அவற்றின் பொறுப்பை ஏற்ற உடற்கூற்றியலாளர் ரிச்சர்டு ஓவன், இயற்கை வரலாற்றுக்குத் தனிக் கட்டிடம் வேண்டும் என வாதிட்டார். திமிங்கிலம் முதலிய பெரிய உயிரினங்களையும் பொதுமக்கள் முழுமையாகக் காண வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. கட்டிடக் கலைஞர் ஆல்பிரட் வாட்டர்ஹவுஸ் வடிவமைத்த புதிய கட்டிடம் 1881 ஏப்ரல் 18 அன்று திறக்கப்பட்டது. அதன் சுவர்களிலும் தூண்களிலும் சுடுமண் உயிரின உருவங்கள் பதிக்கப்பட்டன. ஓவனின் விருப்பப்படி, மேற்குப் பகுதியில் இன்று வாழும் உயிரினங்களும் கிழக்குப் பகுதியில் அற்றுப்போன உயிரினங்களும் இடம்பெற்றன. எனவே எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கும் கட்டிடமே ஒரு பாடமாக அமைந்தது.

ஓவனுக்குப் பின் 1884 இல் இயக்குநரான வில்லியம் ஃபிளவர் மாறுபட்ட கொள்கை உடையவர். பொதுமக்களுக்குரிய காட்சித் தொகுப்பும் ஆய்வுத் தொகுப்பும் தனித்தனியே இருக்க வேண்டும் என்றும், காட்சியில் குறைந்த எண்ணிக்கையிலான மாதிரிகளைத் தெளிவான விளக்கக் குறிப்புகளுடன் வைக்க வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். இப்பகுப்பு பிற்காலக் கல்விப் பணிகளுக்கு அடித்தளம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமைத் திறப்பு

அனுமதி இலவசமாக இருந்தபோதும், தொழிலாளர் குடும்பங்கள் அருங்காட்சியகத்திற்கு வருவது எளிதாக இருக்கவில்லை. அவர்களுக்கு முழு ஓய்வு கிடைத்தது ஞாயிற்றுக்கிழமையில் மட்டுமே. அன்று தேசிய அருங்காட்சியகங்கள் மூடப்பட்டிருந்தன. அந்நாள் வழிபாட்டிற்கும் ஓய்விற்கும் மட்டுமே உரியது எனக் கருதிய சமயக் குழுக்கள் திறப்பை எதிர்த்தன. நீண்ட பரப்புரைக்குப் பின்னர் 1896 இல் நாடாளுமன்றம் இசைவு அளித்தது. இவ்வருங்காட்சியகமும் ஞாயிறு பிற்பகல்களில் திறக்கப்பட்டது. 1912 இல் பார்வையாளர்களுக்குக் காட்சிகளை விளக்கிக் கூறும் வழிகாட்டி விரிவுரையாளர் பணி தொடங்கப்பட்டது.

சிறுவர் மையம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1948 இல், ஆசிரியை ஜாக்குலின் பாமரின் முயற்சியால் சிறுவர் மையம் ஒன்று உருவாக்கப்பட்டது. பள்ளி விடுமுறைகளில் வந்த குழந்தைகள் இங்கு மாதிரிகளைப் பார்த்து வரைந்தனர், ஐயங்களைக் கேட்டனர். ஆர்வம் மிகுந்தோர் வெளிக்களத்திற்குச் சென்று உயிரினங்களை நேரில் உற்றுநோக்கவும் ஊக்குவிக்கப்பட்டனர். குழந்தை வெறும் பார்வையாளர் அல்லர், தாமே உற்றறியக் கூடியவர் என்னும் கருத்து இம்மையத்தின் வழியாக வலுப்பெற்றது. 1977 இல் திறக்கப்பட்ட மனித உயிரியல் கூடம், பொத்தான்களை அழுத்தியும் சோதித்துப் பார்த்தும் கற்கும் முறையை நிலையான காட்சிக்கூடத்திற்குள் கொண்டுவந்தது.

நுழைவுக் கட்டணம்

1987 ஏப்ரல் மாதத்தில் அருங்காட்சியகம் நுழைவுக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. அரசின் நிதியுதவி செலவுகளுக்குப் போதாமையே இதற்குக் காரணம். வருகை வெகுவாகக் குறைந்தது. ஒருவராக வருபவரைவிட, பெற்றோரும் பல பிள்ளைகளுமாக வரும் குடும்பத்திற்கே இக்கட்டணம் பெருஞ்சுமையாக இருந்தது.

கட்டணத்தை நீக்குவதில் வரிச் சிக்கல் ஒன்றும் இருந்தது. கட்டணம் பெறும் அருங்காட்சியகம் வணிக நிறுவனமாகக் கருதப்பட்டது. ஆகவே தான் வாங்கும் பொருட்களுக்கும் சேவைகளுக்கும் செலுத்திய மதிப்புக் கூட்டு வரியை அதனால் திரும்பப் பெற முடிந்தது. இலவசமாக அனுமதித்தால் அத்தகுதி போய்விடும். அதாவது, கட்டணத்தைக் கைவிடும் நிறுவனம் கட்டண வருவாயையும் வரித் தொகையையும் ஒருங்கே இழக்க நேரிட்டது. தேசிய அருங்காட்சியகங்களில் 1999 இல் குழந்தைகளுக்கும் 2000 இல் 60 வயதைக் கடந்தோருக்கும் கட்டணம் நீக்கப்பட்டது. 2001 ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இலவச அருங்காட்சியகங்களும் வரியைத் திரும்பப் பெற வழிவகுத்தது. அதே ஆண்டு திசம்பர் 1 முதல் அனைவருக்கும் அனுமதி இலவசமானது. வருகை விரைவாக உயர்ந்தது. 2024 இல் ஏறத்தாழ 63 இலட்சம் பேர் இவ்வருங்காட்சியகத்திற்கு வந்தனர்.

எனினும், கட்டண நீக்கத்தால் பார்வையாளர் எண்ணிக்கை கூடிய அளவுக்கு அவர்களின் சமூகப் பின்னணி மாறவில்லை என அக்காலத்தில் தேசிய அருங்காட்சியகங்கள் குறித்து நடத்தப்பட்ட ஆய்வுகள் காட்டின. பயணச் செலவு, தொலைவு, உடற்குறை, 'இது நமக்குரிய இடம் அன்று' என்னும் தயக்கம் ஆகியன கட்டணம் போன பின்னரும் எஞ்சியிருந்த தடைகள். அவற்றைக் குறைப்பதே பின்வரும் நிகழ்ச்சிகளின் நோக்கமாகும்.

தொட்டறிதல்

2000களில் அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் 'இன்வெஸ்டிகேட்' என்னும் செயல்வழிக் கற்றல் மையம் இயங்கியது. குழந்தைகள் எலும்பு, ஓடு, பாறை, தொல்லுயிர் எச்சம் ஆகியவற்றைத் தட்டில் எடுத்துவந்து, உருப்பெருக்கி, நுண்ணோக்கி, தராசு முதலிய கருவிகளால் ஆராய்ந்தனர். அங்கிருந்த பணியாளர்கள் விடையைக் கூறுவதை விட, அடுத்த கேள்வியை எழுப்புவதிலேயே கருத்தைச் செலுத்தினர்.

மாதிரிகளைக் குழந்தைகளின் கையில் கொடுப்பது ஆய்வுத் தொகுப்புக்கு ஊறு செய்யாதா என்ற ஐயம் எழலாம். ஒரு மாதிரியின் அறிவியல் மதிப்பு, அது எங்கே, எப்போது, யாரால் சேகரிக்கப்பட்டது என்னும் குறிப்புகளையே பெரிதும் சார்ந்துள்ளது. அக்குறிப்புகள் இல்லாத மாதிரி ஆய்வாளருக்கு அதிகம் பயன்படாது. ஆனால் ஒரு சிறுவனுக்கு அதன் எடையும் சொரசொரப்பும் பற்களின் கூர்மையும் போதும். ஆகவே தொடுவதற்கென்றே தனித் தொகுப்புகள் அமைக்கப்படுகின்றன.

குடும்பங்களுக்கான நிகழ்ச்சிகள்

* இரவுத் தங்கல்: 'டைனோ ஸ்னோர்ஸ்' எனப்படும் இந்நிகழ்ச்சி 7 முதல் 11 வயது வரையிலான குழந்தைகளுக்காக வடிவமைக்கப்பட்டது. அருங்காட்சியகம் மூடப்பட்ட பின், கைவிளக்கு ஒளியில் டைனோசர் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நடு மண்டபத்தில் உறங்குவர். தொடக்கத்தில் 'டிப்பி' என்னும் டிப்ளோடோக்கசு எலும்புக்கூட்டு வார்ப்பின் அருகில் உறங்கினர். 2017 முதல் அவ்விடத்தில் 25.2 மீட்டர் நீளமுள்ள நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்குகிறது. இந்நிகழ்ச்சிக்குக் கட்டணம் உண்டு.
* அமைதியான காலை: 'டானோசார்ஸ்' எனப்படும் இது, மதியிறுக்கம் போன்ற நரம்பியல் வேறுபாடுகள் உடைய குழந்தைகளுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் உரியது. கூட்டமும் இரைச்சலும் இத்தகைய குழந்தைகள் பலருக்குத் தாங்கொணாதவை. எனவே பொதுமக்களுக்குத் திறக்கும் முன்பே அவர்கள் இலவசமாக அனுமதிக்கப்படுகின்றனர். உடன்பிறந்தாரும் சேர்ந்து வரலாம் என்பதால், முழுக் குடும்பமும் ஒன்றாகச் செல்லும் அரிய வாய்ப்பாக இது அமைகிறது.
* வனவுயிர்த் தோட்டம்: 1995 இல் அருங்காட்சியக வளாகத்தில் திறக்கப்பட்டது. நகரக் குழந்தைகள் குளத்து நீரில் வலையிட்டுச் சிற்றுயிர்களைக் கண்டறிய இது உதவியது. இத்தோட்டத்தை உள்ளடக்கிய முழு வளாகமும் விரிவாக்கப்பட்டு 2024 சூலையில் மீண்டும் திறக்கப்பட்டது.

டிப்பியின் பயணம்

டிப்பி, 292 எலும்புகளின் சாந்து வார்ப்புகளால் ஆனது. 1905 இல் இலண்டனில் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. நடு மண்டபத்திலிருந்து அகற்றப்பட்ட பின், 2018 முதல் 2021 வரை ஐக்கிய இராச்சியத்தின் எட்டு ஊர்களுக்கு அது எடுத்துச் செல்லப்பட்டது. டார்செட்டர், பர்மிங்காம், பெல்பாஸ்ட், கிளாஸ்கோ, நியூகாசில், கார்டிஃப், ராச்டேல், நாரிச் என்பன அவ்வூர்கள். ராச்டேலில் நூலகம் இயங்கும் நகர மன்றக் கட்டிடத்திலும், நாரிச்சில் பேராலயத்திலும் அது நிறுவப்பட்டது. அருங்காட்சியகத்திற்குச் செல்லும் வழக்கம் இல்லாதவரும் அன்றாடம் புழங்கும் இடங்கள் இவை. இப்பயணத்தின்போது 20 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் டிப்பியைக் கண்டனர்.

குடிமக்கள் அறிவியல்

பொதுமக்களே தரவுகளைத் திரட்டி ஆய்வுக்கு உதவுவது குடிமக்கள் அறிவியல் எனப்படும். இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் தலைமையில் 2007 முதல் 2019 வரை நடைபெற்ற 'ஓப்பல்' திட்டத்தில் இவ்வருங்காட்சியகமும் பங்கேற்றது. அதன் மண்புழுக் கணக்கெடுப்பில், பங்கேற்போர் சிறு குழி ஒன்றைத் தோண்டி அதில் கடுகு கலந்த நீரை ஊற்றினர். கடுகின் காரத்தால் ஆழத்திலுள்ள புழுக்கள் மேலே வர, அவற்றை எண்ணி இனம் கண்டு பதிவு செய்தனர். விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

'பெரும் கடற்பாசித் தேடல்' என்னும் திட்டம் 2009 இல் தொடங்கப்பட்டது. குடும்பங்கள் கடற்கரையில் 5 மீட்டர் அகலப் பகுதி ஒன்றைத் தேர்ந்து, குறிப்பிட்ட 14 வகைக் கடற்பாசிகள் அங்கு உள்ளனவா எனப் பார்த்து, ஒளிப்படத்துடன் பதிவு செய்கின்றன. கடல்நீர் வெப்பமாதல், அமிலமாதல், அயல் இனங்களின் பரவல் ஆகியவற்றால் கடற்பாசிகளின் பரம்பல் எவ்வாறு மாறுகிறது என்பதை ஆராய இப்பதிவுகள் உதவுகின்றன. ஒரு பாசி காணப்படவில்லை என்பதும் இங்கு பயனுள்ள தரவே. சில ஆய்வாளர்களால் மட்டும் ஒரு நாட்டின் முழுக் கடற்கரையையும் ஆண்டுதோறும் நடந்து பார்க்க இயலாது என்பதால், பொதுமக்களின் பங்கு இங்கு இன்றியமையாதது.

முக்கியத்துவம்

இந்நிகழ்ச்சிகளுக்கும் வரம்புகள் உள்ளன. நிலையான காட்சிகள் இலவசமாயினும், சிறப்புக் கண்காட்சிகள் பலவற்றிற்கும் இரவுத் தங்கலுக்கும் கட்டணம் செலுத்த வேண்டும். இலண்டனிலிருந்து தொலைவில் வாழும் குடும்பங்களுக்குப் பயணச் செலவு இன்னும் தடையாகவே உள்ளது. ஆயினும் இவற்றின் வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது: 1896 இல் கிழமையும், 1987 இல் கட்டணமும், பின்னர் இரைச்சலும் தொலைவும் என, அருங்காட்சியகத்திற்கும் குடும்பங்களுக்கும் இடையே நின்ற தடைகள் காலந்தோறும் வேறுபட்டன. கதவைத் திறந்து வைப்பது முதற்படி மட்டுமே. எவர் இன்னும் உள்ளே வரவில்லை என்பதைக் கண்டறிந்து, அதற்கேற்ப நேரத்தையும் இடத்தையும் முறையையும் மாற்றியமைப்பதே இத்தகைய நிகழ்ச்சிகளின் பணியாகும்.